குறை யாரிடம்

துரைப்பாண்டிக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்த்திருப்பதாக அவனுடைய அப்பா மகாராஜா வந்து சொன்னது ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் துரைப்பாண்டி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். புகைந்துபோன கிணற்று மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழைய செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தபோது, மகாராஜா பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குள் வந்தார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். இளையரசனேந்தல் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் நூறு ஆடுகளும் கொஞ்சம் கரிசல் நிலமும் அவருக்கு உண்டு. சுற்றுப்பட்டியில் எந்த வீட்டில் பேச்சுவார்த்தை என்றாலும் அவரைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைப்பார்கள். சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர்.

"ராயகிரியில ஒரு பிள்ள இருக்கு," என்றார், உட்காராமலே. "தாய் தகப்பன் இல்ல. அண்ணங்காரன்தான் எல்லாம். ஆவணியில ரெண்டாவது முகூர்த்தத்துல தட்டு மாத்திக்கிடலாம்னு சொல்லிட்டேன்."

துரைப்பாண்டி கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தான். "சங்கரிகிட்ட ஒரு வார்த்த..."

"ஒன் வீட்டுக்குப் போயி அவகிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். சரின்னுட்டா."

"சரின்னுட்டாளா?"

"பின்ன? கொற தங்கிட்டதான் இருக்குன்னு அவளுக்குத் தெரியும்லா. ஏலே, நான் ஒண்ணும் அவள வெரட்டி விடச் சொல்லல. அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போறா. ஆனா ஆம்பளன்னு பொறந்தவன் தன் பேரு சொல்ல ஒண்ண விட்டுட்டுப் போகணும். எனக்கு இருக்கது நீ ஒருத்தன்."

அவ்வளவுதான். ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். துரைப்பாண்டி பிரித்துப் போட்ட மோட்டாரின் முன்னால் வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அடுத்து எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

குறை அவன் மனைவி சங்கரேஸ்வரியிடம் இல்லை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருவரும் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். முடிவு வாங்க வேண்டிய நாளில் சங்கரேஸ்வரிக்குக் காய்ச்சல். அவன் மட்டும் போனான். டாக்டரம்மா காகிதங்களை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க மனைவிக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்குத்தான் விந்துல உயிரணு இல்ல. கொஞ்சமா இருந்தா மருந்து குடுத்துப் பாக்கலாம். ஒண்ணுகூட இல்ல. அவங்களையும் கூட்டிட்டு வாங்க, மேற்கொண்டு என்ன செய்யலாம்னு பேசுவோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அந்தச் செய்தியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மானூர் தாண்டும்வரை "எனக்கு" என்றுதான் அந்த வாக்கியம் ஆரம்பித்தது. அதற்குமேல் வரவில்லை. ஊரில் ஆடுகளைச் சினையாக்க முடியாத கிடாயை அப்பா என்ன சொல்லி விற்பார் என்பது ஞாபகம் வந்தது. கூட நின்று சிரிக்கும் ஆட்களின் முகங்கள் வந்தன. பனவடலிசத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது வேறொரு வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது.

வீட்டில், ஊரிலிருந்து வந்திருந்த அவனுடைய அம்மா வள்ளித்தாய் மருமகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லியாம். அவளுக்குத்தான் கர்ப்பப்பையில வலு இல்லியாம்."

அதற்குப் பிறகு அந்தப் பொய்யை அவன் கட்டிக் காக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்மாவே அதைச் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சங்கரேஸ்வரியும் நம்பினாள். ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒருதடவை கேட்டாள். "அதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே வச்சுக்கிட்டாங்க," என்றான். யார் எந்தச் சூரணத்தைச் சொன்னாலும் வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு மருந்து உதிரப்போக்கில் கொண்டுவிட்டதில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒவ்வொரு ஆடியிலும் கோமதியம்மன் கோவிலில் நூற்றெட்டுச் சுற்று நடந்துவிட்டுப் பாதம் கொப்பளித்து வீட்டுக்கு வருவாள். அவன்தான் வெந்நீர் வைத்துக் காலைக் கழுவி எண்ணெய் போட்டுவிடுவான். அப்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான். "வேற எவனா இருந்தாலும் எப்பவோ தள்ளி வச்சிருப்பான்," என்பாள் அவள், அவன் தலையைத் தொட்டு. "ஒங்கள மாதிரி எவளுக்குக் கெடைக்கும்?"

ஊரும் அதைத்தான் சொன்னது. பிள்ளை இல்லாதவளை வைத்துக் காப்பாற்றுகிற மானஸ்தன் என்று அவனுக்கு ஒரு பெயரே இருந்தது. அந்தப் பெயர் வளர வளர, உண்மையைச் சொல்வதற்கான நாளும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். சங்கரேஸ்வரி யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே, "மாமா வந்தாகளா கடைக்கு?" என்று கேட்டாள்.

"வந்தாக. நீ எதுக்குச் சரின்னு சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதீக? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் முடியாதுன்னு சொல்ல?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பொறக்குத பிள்ள என்ன அம்மான்னு கூப்பிடாமலா போவும்? அவ பெத்தா நான் வளத்துட்டுப் போறேன். மூணு பேரும் இந்த வீட்டுலயே இருந்துக்கிடலாம். உள் ரூம நான் ஒழிச்சுக் குடுத்துருதேன்."

அவள் அழவில்லை. ராயகிரிப் பெண்ணுக்கு என்ன கலர் சேலை எடுக்கலாம் என்று அவனிடம் யோசனை கேட்டாள்.

அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல் அவன் மறுபடி திருநெல்வேலிக்குப் போனான். கடையில் சாமான் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோனான். ஆறு வருஷத்தில் ஏதாவது மாறியிருக்கலாம், முதலில் பார்த்த இடத்தில் தப்பாகக்கூடப் பார்த்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. வேறு டாக்டர், சின்ன வயதுக்காரர். முடிவு மாறவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியே தெளிவா எழுதியிருக்காங்களே," என்றார் அவர். "வீட்டுல பேசினீங்களா?"

துரைப்பாண்டி பழைய ரிப்போர்ட்டை நாலாக மடித்தான்.

"உயிரணு தானமா வாங்கிக் குழந்தை பெத்துக்கலாம், தத்து எடுத்துக்கலாம். வழி இருக்கு. ஆனா எதுவா இருந்தாலும் முதல்ல உங்க மனைவிக்குத் தெரியணும்." புது ரிப்போர்ட்டை அவனுடைய போனுக்கு அனுப்பிவைக்க நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து கடைக்குப் போன் வந்தது.

"நான் இசக்கிச்செல்வி பேசுதேன். ராயகிரி."

"சொல்லும்மா," என்றான்.

"அண்ணன் போன்ல இருந்து நம்பர் எடுத்தேன். ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கிடாதீக. நான் சிவகிரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுத லேப்ல வேலை பாக்கேன். அதனால கூச்சப்படாமக் கேக்கேன். அந்த அக்காவுக்குத்தான் கொறன்னு சொல்லுதாக. ஒங்களுக்கு டெஸ்ட் எடுத்தீகளா?"

"எடுத்தாச்சு."

"நார்மலா?"

எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி அவன் நின்றான். சொல்வதற்கு இதைவிட லேசான இடம் கிடைக்காது. முகம் தெரியாத பெண். போனில் ஒரே ஒரு வார்த்தை.

"நார்மல்தான்," என்றான்.

"சரி." அவள் மூச்சு விடுவது கேட்டது. "சின்ன வயசுல லாரி மோதி என் கால் ஒண்ணு சரியில்ல. சாய்ச்சுத்தான் நடப்பேன். அதனால வந்த எடம் எல்லாம் தட்டிப் போச்சு. ரெண்டாந்தாரமாப் போறதுல எனக்கு வருத்தம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு எனக்கும் பிள்ள வரலன்னு மூணாவதா ஒருத்தி வந்து நிக்கக்கூடாது பாருங்க. அதுக்குத்தான் கேட்டேன்."

"அப்படியெல்லாம் வராது," என்று அவன் சொன்னது அவனுக்கே யாரோ சொன்னது மாதிரிக் கேட்டது.

போனை வைத்ததும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். இன்னும் மூன்று வருஷத்தில் அந்தப் பெண்ணும் மருந்து சாப்பிடுவாள். அவளும் அந்தக் காலோடு கோவிலைச் சுற்றுவாள். அவளையும் ஊர் மலடி என்று சொல்லும், அவன் அவளுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு நல்ல பெயர் வாங்குவான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு மோட்டாருக்குக் காயிலைத் தப்பாகக் கட்டி, அவை போட்டவுடன் புகைந்துபோக, விவசாயிகளிடம் திட்டு வாங்கினான். ஒருநாள் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ச் சென்னைக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றான். முறை வந்ததும் ஒன்றும் சொல்லாமல் விலகி வெளியே வந்துவிட்டான். செத்துப்போனால் என்ன என்றும் யோசித்தான். செத்தாலும் குறை சங்கரேஸ்வரி பேரில்தான் எழுதியிருக்கும் என்று தோன்றியதும் அந்த யோசனையும் நின்றுபோயிற்று. வீட்டில் சங்கரேஸ்வரி உள் அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து முடித்திருந்தாள். கிளிப்பச்சையில் ஒரு பட்டுச்சேலை எடுத்து வந்து, "அந்தப் பிள்ள மாநெறமாம், எடுப்பா இருக்கும்லா?" என்று விரித்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான். மறுநாளே சேலை ராயகிரிக்குப் போயிற்று.

ஆவணியில் குறித்த நாளில் இரண்டு வேனில் ராயகிரிக்குப் போனார்கள். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு சங்கரேஸ்வரி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

பெண்ணின் அண்ணன் பாண்டியராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். தங்கைக்கு ஒரு வழி பிறந்ததே என்ற சந்தோஷத்தில் வாசலிலேயே நின்று எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டான். "வாங்க அத்தான், வாங்க," என்று துரைப்பாண்டியைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனான். முப்பது நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெண்ணின் பெரியப்பா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

தட்டை முன்னால் வைத்ததும் அவர் கையை உயர்த்தினார். "ஒரு விஷயம் அண்ணாச்சி. மூத்தவ தன் வாயால சொல்லிரணும். நாளப்பின்ன போலீசு, கோர்ட்டுன்னு எங்க பிள்ளைய அலைய விட்டுரக் கூடாது பாருங்க. கொற யாருகிட்ட, இதுக்குச் சம்மதமான்னு சபையில சொல்லட்டும்."

மகாராஜா திரும்பி மருமகளைப் பார்த்தார். "சொல்லு தாயி."

சங்கரேஸ்வரி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கொற என்கிட்டதான். எனக்குச் சம்மதம்," என்றாள்.

பெரியப்பா காதைக் கையால் மடித்துப் பிடித்தார். "என்னது? சத்தமாச் சொல்லு தாயி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பெண்களில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். சங்கரேஸ்வரியின் தொண்டையில் நரம்பு புடைத்து எழுவதைத் துரைப்பாண்டி பார்த்தான். "கொற..." என்று அவள் குரலை உயர்த்தினாள். அது உடைந்தது. மறுபடியும் ஆரம்பித்தாள். "கொற என்..."

"அவகிட்ட இல்ல," என்றான் துரைப்பாண்டி.

எழுந்து நின்றது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. "கொற அவகிட்ட இல்ல. என்கிட்டதான். எனக்குத்தான் பிள்ள பொறக்காது."

முதலில் வாயைத் திறந்தவர் மகாராஜாதான். அவர் கோபப்படவில்லை, சபையைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "பாத்தீகளா, பொண்டாட்டி சபையில தலகுனிஞ்சு நிக்கத அவனுக்குப் பொறுக்கல. பழியத் தன் மேல இழுத்துப் போட்டுக்கிடுதான். சின்னப்பிள்ளையில இருந்தே அவனுக்கு எளகின மனசு."

"ஆமா, ஆமா," என்று நாலு பேர் தலையாட்டினார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளையா!" என்றாள் ஒருத்தி. வள்ளித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாண்டியராஜ்கூட, "ஒங்கள நம்பி என் தங்கச்சியத் தாராளமா அனுப்பலாம் அத்தான்," என்றான்.

சங்கரேஸ்வரி அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "வேண்டாங்க. எனக்காக எதுக்கு இப்படிச் சொல்லுதீக?" என்றாள்.

அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இப்போது உட்கார்ந்துவிட்டால் போதும். உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, யாரும் நம்பாத மாதிரியும் ஆயிற்று. சாகும்வரை இந்தக் கூட்டம் அவனை மெச்சும். உடம்பு உட்காரத்தான் பார்த்தது. ஆனாலும் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். ரிப்போர்ட்டைத் திறந்தான். கூட்டத்தைத் தாண்டி, உள் அறை வாசலில் கிளிப்பச்சைச் சேலையில் நின்ற இசக்கிச்செல்வியிடம் போய் நீட்டினான்.

"நீ படிச்ச பிள்ள. நீயே பாரு."

அவள் வாங்கிப் படித்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் ஒங்களுக்குப் போன் பண்ணினது போன மாசம் பதினோராம் தேதி. இது நாலாம் தேதி எடுத்தது."

அவள் திரையை இன்னும் கீழே தள்ளினாள்.

"ஆறு வருசத்துக்கு முந்தி எடுத்த டெஸ்ட்டுலயும் இதேதான்னு டாக்டர் கீழ எழுதிருக்காரு." அவள் அதற்குமேல் அவனிடம் பேசவில்லை. அவனைத் தாண்டிச் சங்கரேஸ்வரியைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. இவுகளுக்குத்தான்."

பாண்டியராஜ் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கீழே தள்ளி மிதித்தான். துரைப்பாண்டி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மகாராஜா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வள்ளித்தாய்தான் அலறிக்கொண்டு வந்து குறுக்கே விழுந்தாள்.

அடி நின்றபோது சங்கரேஸ்வரி அவனுக்கு முன்னால் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஆறு வருசமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் வெளியே நடந்தாள். செருப்பைக்கூடப் போடவில்லை. யாரும் பின்னால் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இசக்கிச்செல்வி அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து வேகமாகத் தெருவில் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து பஸ் நிறுத்தத்தில் நின்றதை, திரும்பும்போது வேனிலிருந்து அவன் பார்த்தான். நிறுத்தச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சங்கரன்கோவில் எல்லைக்கு வந்ததும் மகாராஜா வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னார். மகனை இறங்கச் சொல்லித் தானும் இறங்கினார். வேன் தள்ளிப் போய் நின்றது.

"நாலு பேருக்கு நியாயம் சொன்னவம்லே நான்," என்றார். குரல் கம்மியிருந்தது. "இனிமே எந்தச் சபையில போயி உக்காருவேன்?"

"பிள்ள இல்லாததுக்குச் சொல்லுதீகளா அய்யா, நான் பொய் சொன்னதுக்குச் சொல்லுதீகளா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "ஊரு முன்னால சொன்னியே, அதுக்கு. எங்கிட்டத் தனியா வந்து சொல்லிருந்தா எப்படியும் மூடி மறைச்சிருப்பேன்லா."

"மூடி மறைச்சா அவ?"

"அவ என்ன? இத்தன நாளு எப்படி இருந்தாளோ அப்படியே இருந்துட்டுப் போறா."

"அதத்தான் அய்யா நானும் ஆறு வருசமாச் செஞ்சேன்."

மகாராஜா அவனை உற்றுப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். முதல் தடவையாக அவர் முதுகு வளைந்திருந்தது.

சங்கரேஸ்வரி, திருவேங்கடம் ரோட்டிலிருக்கும் தன் தம்பி வெங்கடேஷ் வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள் துரைப்பாண்டி அங்கே போனான். வெங்கடேஷ் வாசலை மறித்து நின்றான். "போயிருங்க அத்தான். எனக்குக் கை நீண்டுரும்," என்றான். உள்ளேயிருந்து, "விடு தம்பி," என்று அவள் குரல் வந்தது.

வெளியே வந்தவள் அவன் முகத்திலிருந்த காயத்தைப் பார்த்தாள், விசாரிக்கவில்லை.

"என்ன மன்னிச்சிரு சங்கரி. எப்படியும் சபையில சொல்லிட்டேன்ல..."

"சொன்னீக. அதுக்கு ஒங்கள மெச்சணுமாக்கும்?" அவள் குரல் உயரவில்லை. "ரெண்டாவது ஒருத்தி வாரா, அவ கண்டுபிடிச்சிருவாங்கிற பயத்துல சொன்னீகளா, என் மேல எரக்கப்பட்டுச் சொன்னீகளா, அது ஒங்களுக்கே தெரியாது. எனக்கு அது வேண்டாம்."

அவள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"பிள்ள இல்லங்கிறது கூட எனக்குப் பெரிசில்லங்க. அன்னைக்கே வந்து சொல்லிருந்தா, சரி நமக்குக் குடுத்து வைக்கலன்னு ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். என் ஒடம்ப நானே வெறுத்தேன். ராத்திரி பகலா என் வயித்த நானே அடிச்சிருக்கேன். ஒங்களுக்கு அது தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தீக."

"நான் என்ன செய்யணும் சொல்லு. எதுன்னாலும் செய்யுதேன்."

அவள் யோசித்தாள். "ராயகிரியில சொன்னது அங்கன உள்ளவுகளுக்கு. என்ன மலடின்னு சொன்னவுக இங்கன இருக்காக. ஒவ்வொரு வீடாப் போயி நின்னு சொல்லுங்க. போன்ல இல்ல, ஆள் விட்டு இல்ல. ஒங்க அத்தை வீட்டு வளைகாப்புல நான் எடுத்த வளையல என் கையில இருந்து புடுங்கி வேற ஒருத்திகிட்டக் குடுத்தாகளே, அந்த வீட்டுலயும் சொல்லுங்க."

"சொன்னா வருவியா?"

"வருவேன்னு சொன்னாத்தான் போவீகளா?"

அவன் படியிறங்கித் தெருவுக்கு வந்தான்.

மறுநாளே ஆரம்பித்தான். வேலைக்கு நடுவில், ஒரு நாளைக்கு ஒரு வீடு. கதவைத் தட்டி, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், நின்றபடியே சொன்னான்: "கொற எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆறு வருசமா நான் பொய் சொன்னேன்." முதல் வீட்டில் பாதியிலேயே நா வறண்டு இரண்டு தடவை சொல்ல வேண்டிவந்தது. ஒரு வீட்டில் சித்தப்பா, "ஒனக்குப் புத்தி பேதலிச்சிட்டாலே?" என்று விரட்டினார். இன்னொரு வீட்டில் பெண்கள் சமையலறைக்குள் ஓடிச் சிரித்தார்கள். ஒரு வீட்டில் மட்டும், பிள்ளையில்லாத நடுவயதுப் பெண் ஒருத்தி அவன் சொல்லி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கடைக்கு வந்துபோகிற வாலிபர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். அது அவன் காதிலும் விழுந்தது. முதலில் உடம்பு கூசியது. பிறகும் கூசியது. அது நிற்கும் என்று அவன் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டான்.

கடைசியாக அத்தை வீடு. மகாராஜாவின் தங்கை. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. அவளச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வந்து குடும்பம் நடத்து," என்றாள்.

"வளைகாப்புல அவ கையில இருந்து வளையலப் புடுங்கினீகளே அத்தை."

"யாரு, நானா? நான் ஏன்லே அப்படிச் செய்யுதேன்?"

"செஞ்சீக. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லல."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எல்லா வீடும் முடிந்ததைச் சொல்ல வெங்கடேஷ் வீட்டுக்குப் போனான். சங்கரேஸ்வரி வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டாள். "எனக்கும் சேதி வந்துச்சு," என்றாள். சமரசமோ கோபமோ எதுவும் அந்தக் குரலில் அவனுக்குப் பிடிபடவில்லை.

"அப்பப்ப வந்து பாத்துட்டுப் போகலாமா?"

"வராதீக. எனக்கு வரணும்னு தோணினா நானே வாரேன்."

புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை பிறந்தபோது வள்ளித்தாய் ஊரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்து கடைக்குள் நுழைந்தாள். மகாராஜாவுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். அவர் இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போவதில்லை, ஆடுகளோடுதான் கிடக்கிறார் என்றாள். ராயகிரிப் பெண் மதுரையில் ஏதோ லேப்பில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம்.

"சங்கரியப் போயிப் பாத்துட்டுத்தான் வாரேன்," என்றாள் பிறகு.

துரைப்பாண்டி கையில் இருந்த வேலையை நிறுத்தினான்.

"உள்ள கூப்பிட்டு உக்கார வச்சா. நான் என்னெல்லாம் பேசிருக்கேன் அவள. கையப் புடிச்சு அழுதேன். கைய எடுத்துக்கிட்டா. ஆனா காப்பி போட்டுக் குடுத்தா. வீடு பாத்துருக்காளாம், அடுத்த மாசத்துல இருந்து தனியா இருக்கப் போறாளாம்."

"என்னப் பத்தி எதும் கேட்டாளாம்மா?"

வள்ளித்தாய் மகனைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பது அவனுக்குத் தெரிந்தது.

"இல்லய்யா," என்றாள். "கேக்கல."

"சரி," என்றான் அவன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது வாங்கி வர வெளியே போனான்.